பெரணி இலையில் ஒரு முடிச்சு

பழி பூனைமேல் விழும் என்று தங்கை கனவிலும் நினைக்கவில்லை.

மாடி பால்கனியில் நின்றுகொண்டு அக்கா, பக்கத்து வீட்டு அம்மாவை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க பூனைக்கு என் பெரணிதான் கிடைச்சுதா?"

"மீனையே மோந்து பாத்துட்டுத்தான் திங்கும் அது. இலையத் திங்குதாமே!"

"இனிமே என் வாசப்படி மிதிக்காதீங்க!"

சாயங்காலமானால் அக்காவோடு உட்கார்ந்து பேச இருந்தது அந்த அம்மா ஒருத்திதான்.

கீழே முற்றத்து வெயிலில் தங்கை தலை நிமிரவில்லை. அவள் முன்னால், கண்ணாடிக்கு அடியில், மருந்து பூசிய தாள்மேல் அந்தப் பெரணி இலையேதான் கிடந்தது. வெயிலில் பதித்தெடுக்கும் அவள் படங்களின் கண்காட்சிக்கு ஒன்று குறைந்தது. இலை மறைத்த இடம் வெள்ளையாகவும் வெயில் பட்ட இடம் நீலமாகவும் வரும். ஆனால் இலை தாளோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். தடித்த இலைகளெல்லாம் தூக்கிக்கொண்டு ஓரம் கலங்கிப்போயின. அக்காவின் பெரணியோ சல்லாத்துணி மாதிரி. அத்தான் வைத்த தொட்டி. அவர் போனபின் பட்டுப்போய், இப்போதுதான் ஒற்றை இலை விட்டிருந்தது. நேற்று அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்துத் தங்கை அதைக் கத்தரித்துவிட்டாள். இன்னொன்று துளிர்க்காமலா போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தாளைத் தட்டில் போட்டு அலசும்போது அக்கா இறங்கி வந்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"ஏண்டி, நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேனோ? பூனைய வளத்தா பிள்ளையாயிடுமான்னு கேட்டுட்டேன்டி."

தங்கைக்குக் கை நின்றுபோனது. அந்த அம்மாவுக்குப் பிள்ளை கிடையாது.

"பூனைதானே? நீ வேற எதையாவது பாத்தியா?"

"இல்லக்கா."

மஞ்சள் நீர் வழிந்து ஓட, நீலம் ஏறிக்கொண்டே வந்தது. நடுவே வெள்ளை வெளேரென்று பெரணி. காம்பின் அடியில் இரண்டு சுற்று நூல், இரண்டு காதுள்ள முடிச்சு. இலை சாயாமல் இருக்க அக்கா குச்சியோடு சேர்த்துக் கட்டியது. அவசரமாகக் குச்சியிலிருந்து உருவியபோதும், இருட்டறையில் தாள்மேல் வைத்தபோதும் அது தங்கையின் கண்ணில் படவில்லை. சின்ன வயதில் இவள் சடையில் அக்கா போட்டுவிட்ட அதே முடிச்சு.

மூக்குக்கண்ணாடி போடாத அக்கா குனிந்து பார்த்தாள்.

"அழகா இருக்குடி. அடியில என்ன, பூச்சியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"உன் முடிச்சுக்கா."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தட்டுக்குள் விரலை விட்டு அந்த முடிச்சைத் தொட்டாள்.

"எடு அத."

"ஈரமா இருக்குக்கா, கிழிஞ்சிடும்."

"கிழியட்டும். முதல்ல நீ பேசு. அப்புறம் நான்."

தங்கை தட்டோடு பக்கத்து வீட்டுப் படி ஏறினாள். பின்னால் அக்காவின் செருப்புச் சத்தம். வாசலில் படுத்திருந்த பூனை எழுந்து, தட்டை மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கதவு திறந்தது. தட்டுத் தண்ணீர் அலம்பியது.

"பூனை இல்லம்மா," என்றாள் தங்கை. "நான்தான்."