சாவியக்கா நீந்தப் போனாள்

சாவியக்கா அனுப்பிய விண்ணப்பம் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்தது. வீடற்றோர் காப்பகத்தின் முகப்பு மேசையில் நின்றபடியே உறையைக் கிழித்தாள். ஓரத்தில் பச்சை மையில் யாரோ பொறுமையாக எழுதியிருந்தார்கள்: "அம்மா, இந்த உதவி உங்களுக்கு. அங்கே தங்குகிறவர்களுக்கு அல்ல. தயவுசெய்து உங்களுக்கென்று ஏதாவது கேளுங்கள்."

வீடில்லாதவர்களோடு நாள் முழுக்க மல்லாடுகிற பணியாளர்கள் மனசும் உடம்பும் தேற, ஆளுக்கு ஒரு சிறு தொகை தருவதாக ஓர் அறக்கட்டளை அறிவித்திருந்தது. சமையற்காரி தன் முட்டிவலிக்கு வைத்தியம் கேட்டாள், கிடைத்தது. வண்டி ஓட்டுகிறவர் மீன் தொட்டி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதுவும் கிடைத்தது. இப்போது தினமும் மதியம் அதன் முன்னால் உட்கார்ந்து மீன்களோடு ஏதோ குசுகுசுக்கிறார். மேற்பார்வையாளரான சாவியக்கா மட்டும் முதலில் பன்னிரண்டு போர்வைகளும், அடுத்த முறை மருந்து அலமாரிக்கு ஒரு நல்ல பூட்டும் கேட்டிருந்தாள்.

"ஏங்க்கா, அவங்களே கெஞ்சுறாங்க. உனக்குன்னு ஒண்ணு கேக்க வாயே வராதா?" என்றாள் சமையற்காரி.

"எனக்கு என்னடி குறை?"

"அதக் கலெக்டர் கிட்ட கேளு."

சாவியக்காவுக்குச் சுருக்கென்றது. கலெக்டர் என்பது மாடியில் தங்கியிருக்கும் ஒரு பெரியவருக்கு எல்லோருமாகச் சேர்ந்து கொடுத்த பட்டம். ஒரு டீ வாங்கிய சீட்டுக்குக்கூட ஒன்றரைப் பக்கத்துக்குக் கையெழுத்துப் போடுவார். போன மாதம் அவர் தன் செருப்பைக் காணோம் என்று மூன்றாவது தடவை வந்து நின்றபோது, "செருப்புக்கெல்லாம் காவல் காக்கவா நான் இருக்கேன்?" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள். வெறுங்காலோடு வெளியே போனவர் மூன்று நாள் திரும்பவில்லை. நான்காம் நாள் பேருந்து நிலையத்தில் அவரைக் கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தாள். அவர் அதை அன்றே மறந்துவிட்டார். அவளால்தான் முடியவில்லை. பதினோரு வருடத்தில் ஒருவரைக்கூட அவள் அப்படிப் பேசியதில்லை. தன் வாயைக் கண்டு தனக்கே பயம் வந்துவிட்டது. வேலையை விடுவதாக எழுதிய கடிதம் ஒன்று அவள் கைப்பையில் இரண்டு வாரமாக மடித்தபடி கிடந்தது.

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்து வழக்கம்போல நகராட்சி நீச்சல் குளத்தின் அருகே நின்றது. குளோரின் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்தது. பள்ளியில் படிக்கும்போது வகுப்பையே குளத்துக்குக் கூட்டிப் போனார்கள். எல்லாப் பெண்களும் தண்ணீரில் குதித்துக் கும்மாளம் போட, இவள் கரையில் அத்தனை பேருடைய துணிகளையும் கடிகாரங்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பொறுப்பான பெண் என்று டீச்சர் தட்டிக்கொடுத்தார். பேருந்து கிளம்புவதற்குள் விண்ணப்பத்தை எடுத்து மடியில் வைத்து எழுதினாள்: "நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும்."

எழுதிய பிறகுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பத்தே நாளில் அனுமதி வந்துவிட்டது. புதன்கிழமை தோறும் காலை பத்து மணி.

முதல் புதன், இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கியதோடு சரி. கரையில் வைத்திருந்த போன் நான்கு தடவை அலறியது. நான்கு தடவையும் சொட்டச் சொட்ட ஏறிப் போய்ப் பேசினாள். சர்க்கரை எந்த டப்பாவில், மாடிக் குழாய் ஏன் ஒழுகுகிறது. அவளைவிட நாலு வயது மூத்த பயிற்சியாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நீங்க நீச்சல் கத்துக்க வந்தீங்களா, தண்ணி சொட்ட நின்னு போன் பேசக் கத்துக்க வந்தீங்களா?" என்று கேட்டாள்.

செய்தி எப்படியோ காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த புதன் கிளம்பும்போது சமையற்காரி வாசலை மறித்து நின்றாள்.

"போனக் குடு."

"அவசரம்னா?"

"அவசரத்த நாங்க பாத்துக்குறோம். சாவியையும் அவுத்துக் குடு."

"சாவியா!"

இடுப்பில் அந்தக் கொத்து இல்லாமல் சாவியக்கா பகலில் நடமாடியதே கிடையாது. பேரே அதனால் வந்ததுதான். அவிழ்த்துக் கொடுத்ததும் ஒரு பக்கம் உடம்பு லேசாகி, சாய்ந்து நடப்பது போலிருந்தது. முகப்பு மேசையில் கலெக்டர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவை உதறிப் பார்த்தபடி கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். "போயிட்டு வாங்கம்மா. ஆபீஸ நான் பாத்துக்குறேன்."

அன்று குளத்தில் பயிற்சியாளர் அவள் முதுகுக்கு அடியில் ஒரு கையை மட்டும் வைத்தாள். "கழுத்த விடுங்க. தலையத் தூக்கிப் பிடிக்காதீங்க, தண்ணி பிடிச்சுக்கும்." சாவியக்கா இரண்டு தடவை மூழ்கி, மூக்கு வழியாகக் குடித்து, இருமி, வாழ்நாளில் பேசாத ஒரு கெட்ட வார்த்தையைப் பேசினாள். மூன்றாவது தடவை காதுகள் தண்ணீருக்குள் போயின. உலகம் அப்படியே அடங்கிப்போனது. மேலே கூரைத் தகரத்தில் வெளிச்சம் நெளிந்தது. எத்தனை நேரம் அப்படிக் கிடந்தாளோ, திரும்பிப் பார்த்தால் பயிற்சியாளர் பத்தடி தள்ளி நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.

வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரும்பினாள். தலை ஈரம் முதுகை நனைத்திருந்தது, கையில் ஒரு துணிப்பை, கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. காப்பகத்தின் முகப்புக் கூடத்தில் நுழைந்ததும் நின்றாள். பெஞ்சில் முன்பின் பார்த்திராத ஒரு பெண். மடியில் ஒரு குழந்தை தூங்கியது, இன்னொன்று தரையில் உட்கார்ந்து மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அவள் இல்லாத நேரத்தில் ஒரு குடும்பம் வந்து, பதிந்து, பசியாறி, இடமும் பிடித்திருக்கிறது! நெஞ்சுக்குள் நிம்மதியும், கூடவே ஒரு துளி பொறாமையும் எட்டிப் பார்த்தன.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை ஈரத் தலையிலும் பையிலும் சிவந்த கண்களிலும் நின்று, இளகியது.

"நீங்களும் இப்பதான் வர்றீங்களாக்கா?"

சாவியக்கா வாயைத் திறந்தாள். சமையலறை வாசலில் சமையற்காரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்குவது தெரிந்தது.

"பயப்படாதீங்க," என்றாள் அந்தப் பெண், தணிந்த குரலில். "நானும் வாசல்ல அரை மணி நேரம் நின்னேன், உள்ள வரலாமா வேணாமான்னு. நல்ல மனுசங்கதான். யாரும் துருவித் துருவிக் கேக்கல. அந்த ஐயா கிட்ட பேரு குடுத்தா போதும், எழுதிக்குவாரு."

சாவியக்கா மேசையைப் பார்த்தாள். கலெக்டர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேனாவின் மூடியைக் கழற்றி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்.

"பேரு?"

காப்பகத்தில் அவளுடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. சொன்னாள். அவர் எழுத்தெழுத்தாக எழுதினார்.

"தல என்னக்கா இப்படி சொட்டுது? சளி பிடிச்சிரும்," என்று அந்தப் பெண் தூங்கும் குழந்தையைத் தோளுக்கு மாற்றி, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். சாவியக்கா உட்கார்ந்தாள். அந்தப் பெண் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒற்றைக் கையாலேயே அவள் தலையைத் துவட்டத் தொடங்கினாள், குழந்தைக்குத் துவட்டுகிற அதே வேகத்தில், காதுமடலின் பின்பக்கம்வரை. ஒவ்வோர் இழுப்புக்கும் சாவியக்காவின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடியது. கழுத்தை அவள் விறைத்துப் பிடித்துவைக்கவில்லை.