சிலிண்டர் தெரிகிற படம்

முக்குளிப்பானின் முதுகில் குஞ்சு ஏறி உட்கார்ந்ததும் மனோஜ்குமாருக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. உக்கடம் பெரியகுளத்துக் கரையில், ஞாயிற்றுக்கிழமை காலை, நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போகும்படி குப்புறப் படுத்துக் கிடந்தான். வாரம் முழுக்கக் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவன்; ஞாயிறு வந்தால் கேமராக்காரன். பறவையும் குஞ்சும் ஒருசேர வெயில் பக்கம் திரும்பின. அமுக்கினான். "வந்துருச்சுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து திரும்பினான்.

பெஞ்சில் அப்பா இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இன்னும் பத்து நிமிசம் உட்காருங்கள் என்றால் உட்கார மாட்டாரா என்று நினைத்தான். பிறகு கரையின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தான். எங்கும் இல்லை.

அப்பா பொங்கியண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒன்றிரண்டு வருடமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது. மகனைத் தெரியும், மருமகளைத் தெரியும், வீட்டுக்குள் தடுமாறாமல் நடப்பார். வாசலைத் தாண்டினால் ஊர்ப் பெயர் வராது, போன் நம்பர் வராது. அதைவிட மோசம், கிளம்பும்போதே சர்க்கரை மாத்திரையைப் போட்டாயிற்று. படம் எடுத்து முடித்த பிறகு சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தான் மகன். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தால் வியர்த்து மயங்கிவிடுவார், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். குளத்தை ஒட்டிய சாலையைத் தாண்டினால் பேருந்து நிலையம். பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு என்று ஓயாமல் பஸ் கிளம்புகிற இடம்.

ஓடினான். கழுத்தில் தொங்கிய கேமரா நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. எதிரே வருகிறவர்களிடமெல்லாம் வெள்ளைச் சட்டை, வேட்டி கட்டின பெரியவரைப் பார்த்தீர்களா என்று கேட்டான். அந்தப் பேருந்து நிலையத்தில் வெள்ளைச் சட்டை, வேட்டி கட்டாத பெரியவர் எங்கே இருக்கிறார்? ஆளுக்கொரு திசையில் கை காட்டினார்கள். அவன் போய்த் தோளைத் தொட்டுத் திருப்பிய மூன்று பேரும் வேறு யாருடைய அப்பாக்களோ.

புறக்காவல் நிலையத்தில் இளம் காவலர் ஒருவர் இருந்தார். பொறுமையான மனிதர். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டுக்கொண்டு, "மொதல்ல ஒரு போட்டோ குடுங்க சார். கண்டக்டருங்க குரூப்புல போட்டுட்டா பாதி வேலை முடிஞ்சுரும்" என்றார்.

போட்டோவா. மனோஜ்குமாரிடமா இல்லை? அந்த அவசரத்திலும் அவனுக்குச் சின்னதாக ஒரு தெம்பு வந்தது. போனைத் திறந்து, கைக்கு முதலில் வந்த படத்தைக் காட்டினான். கோவைப் புகைப்படக் குழு ஒன்று நடத்திய கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய படம். பெயர் 'அந்தி'. இதே குளம், இதே கரை, விழுகிற சூரியனுக்கு முன்னால் கைத்தடியோடு நிற்கும் பொங்கியண்ணன்.

காவலர் போனை வாங்கி வெளிச்சத்தைக் கூட்டினார். சாய்த்துப் பார்த்தார்.

"சார், இதுல ஆளே கருப்பா இருக்காருங்க."

மனோஜ் அடுத்த படத்துக்குத் தள்ளினான். அப்பாவின் கை, நரம்பு நரம்பாக. அடுத்தது முதுகு. அடுத்தது காது, கடுக்கனில் ஒரு சொட்டு வெயில். பாதம். பாதி முகம் தூணுக்குப் பின்னால். ஜன்னல் கம்பியின் நிழல் விழுந்து வரி வரியாக ஒரு கன்னம். பக்கவாட்டில், தூரத்தில், புகைக்குள், தலைப்பாகைக்குக் கீழே. அவன் விரல் தள்ளிக்கொண்டே போயிற்று. ஆயிரத்துக்கு மேல் அப்பாவை எடுத்திருக்கிறான், நேராகப் பார்க்கிற முகம் ஒன்றுகூட இல்லை. பரிசு வாங்கின படமெல்லாம் ஏட்டுச் சுரைக்காயாகிவிட்டது.

"காதை வெச்சு ஆளைத் தேட முடியாதுங்க சார்" என்றார் காவலர். கிண்டலாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் வலித்தது.

முகம் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. அது அவன் போட்ட சட்டம். கேமராவைப் பார்த்தால் படம் செத்துப்போகும் என்று எங்கோ படித்துவிட்டு, அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தான். கேமராவை எடுத்தாலே பொங்கியண்ணன் ஆசையாகச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே பார்ப்பார். "இங்க பாக்காதீங்கப்பா. அந்தப் பக்கம் பாருங்க. நீங்க பாத்தாக் கெட்டுப்போயிரும்" என்பான் இவன். சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரும் பழகிக்கொண்டார்.

கண்காட்சியில் ஒரே ஒருவர்தான் வேறு மாதிரிச் சொன்னார். குழுவில் இருக்கும் ஜன்னத், பள்ளிக்கூட டீச்சர், இவன் வயதுதான் இருக்கும். படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "நெழலு அருமையா வந்திருக்குங்க. ஆனா இவரு ஆருன்னே தெரியலீங்களே. அடுத்து ஒரு முகம் எடுத்துப் பாருங்க, அதுதான் கஷ்டம்" என்றார். பரிசுக் கோப்பையைக் கையில் வைத்திருப்பவனிடம் சொல்கிற பேச்சா இது? அன்றைக்கே குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து வெளியேறினான். பொறாமை என்று பிரவீனாவிடம் சொன்னான். பிரவீனா அவன் மனைவி.

இப்போது அந்தப் பிரவீனாவைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடவே பயமாக இருந்தது. "அப்பாவத் தொலைச்சுபோட்டேன்" என்றான். அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தான். சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றான். அதற்கும் அவள் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.

"ஆதார்ல இருக்கறத அனுப்பட்டுமா?" என்றவள் தானே நிறுத்தினாள். ஆதாரில் இருப்பது மீசை வைத்த, கன்னம் உப்பிய, பத்து வருடத்துக்கு முந்தைய பொங்கியண்ணன். அதைப் பார்த்து அவரை அவரே கண்டுபிடிக்க மாட்டார். "இருங்க. எங்கிட்ட ஒன்னு இருக்குது. நீங்க அழிக்கச் சொன்னது."

படம் வந்தது. மனோஜுக்கு அதைப் பார்த்த நாள் ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், அடுப்படியில் பிரவீனா தன் போனில் எடுத்தது. பொங்கியண்ணன் கையில் பாதி கடித்த முறுக்கு. வாய் முழுக்கச் சிரிப்பு, பல் இல்லாத இடம் உள்பட எல்லாம் தெரிகிறது. தலைக்கு மேல் டியூப்லைட், பின்னால் சிவப்பாகக் கேஸ் சிலிண்டர், அதன் மேல் கரித்துணி. நல்லா இருக்குதுங்களா என்று ஆசையாகக் காட்டியவளிடம் அவன் சிலிண்டரைச் சுட்டிக்காட்டிச் சிரித்தான். இதையெல்லாம் யாருக்கும் அனுப்பிவிடாதே, நான் எடுத்ததென்று நினைத்தால் என் பேர் கெட்டுப்போகும் என்றான். அன்றைக்கு அப்புறம் அவள் அந்த வீட்டில் யாரையும் படம் எடுத்ததில்லை.

"இது போதுங்க சார், சூப்பரா இருக்குது" என்று காவலர் அனுப்பிவிட்டார். பதில் வரும் வரை சும்மா இருக்க முடியாமல் மனோஜ் அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினான். டீ மாஸ்டர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் தலையாட்டினார். "இவரா, அரை மணிக்கு முன்னாலதானுங்க வந்தாரு. ஊட்டுக்குப் போற பஸ் எதுன்னு கேட்டாரு. எந்த ஊருங்கன்னா சொல்லத் தெரியல. கூட்டத்தோட கூட்டமா அங்கிட்டுப் போயிட்டாரு."

அங்கிட்டு என்றால் பொள்ளாச்சி பஸ் நிற்கிற பக்கம். கருமத்தம்பட்டிக்கு நேர் எதிர்த்திசை. மனோஜ் மணியைப் பார்த்தான். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எந்தப் பஸ்ஸில், எந்த ஜன்னலோரத்தில் தலை தொங்கிக்கொண்டிருக்கிறதோ. தூங்குகிறார் என்றுதானே பக்கத்தில் இருப்பவன் நினைப்பான். மருதமலை முருகா, இந்த ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டான். கேமராவையே உண்டியலில் போட்டுவிடுகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

காவலரின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே அவர் எழுந்து நின்றார்.

கிணத்துக்கடவை நெருங்கிக்கொண்டிருந்த பஸ்ஸின் கண்டக்டர். கடைசி சீட்டில் ஒரு பெரியவர் சட்டை நனைய வியர்த்துப்போய், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சாய்ந்திருக்கிறார். அந்த முறுக்குக்காரர்தான், அதே பல் என்றார். காவலர் கத்தாத குறையாகச் சொன்னார், ஸ்டாப்பில் இறக்கிப் பக்கத்துப் பேக்கரியில் சர்க்கரை நிறையப் போட்டு எதையாவது உடனே குடிக்க வையுங்கள் என்று. காலையில் அப்பாவை ஏற்றி வந்த காரை நோக்கி ஓடிய மனோஜை நிறுத்தி இன்னொன்றும் சொன்னார். ஆளைப் பார்த்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், கிடைத்துவிட்டார் என்று எல்லாக் குரூப்பிலும் போட்டு முடித்துவிடலாம்.

கிணத்துக்கடவு வரை அவன் எப்படி ஓட்டினான் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பேக்கரி வாசலில், பால் கேன்களுக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே போட்ட ஸ்டூலில் பொங்கியண்ணன் உட்கார்ந்திருந்தார். கையில் தேங்காய் பன். முகம் வெளிறியிருந்தாலும் மென்றுகொண்டிருந்தார். மகனைப் பார்த்ததும் சிரித்தார்.

"கூப்புட்டேன் கண்ணு. நீ திரும்பல. வேலையா இருக்கறயாட்ட இருக்குது, நாம்பாட்டுக்கு ஊட்டுக்குப் போலாம்னு வந்துட்டேன்."

மனோஜ் அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். காவலரிடமிருந்து மறுபடி போன் வந்த பிறகுதான் ஞாபகம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தூக்கினான்.

தூக்கியதும் பொங்கியண்ணன் மெல்வதை நிறுத்தினார். பன்னைப் பின்னால் மறைத்தார். மோவாயைக் கொஞ்சம் நிமிர்த்தி, முகத்தைத் திருப்பி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கோ தூரத்தில் பார்த்தார். வெயில் கன்னத்தில் சரியாக விழுந்தது. ஊர்ப் பெயரை மறந்தவருக்கு இது மறக்கவில்லை.

"இங்க பாருங்கப்பா" என்றான்.

அவர் திரும்பவில்லை.

"என்னையப் பாருங்கப்பா."

"பாத்தாக் கெட்டுப்போயிருமில்ல கண்ணு?"

"கெட்டாலும் பரவால்லீங்கப்பா. எனக்குத்தான் எடுக்கத் தெரியல. பாருங்க."

பேக்கரி வாசலில், பன் வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மனோஜ்குமார் அழுதான். பொங்கியண்ணன் சந்தேகத்தோடு மெல்லத் திரும்பினார். காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். முதல் படத்தில் அவருக்குக் கண் மூடியிருந்தது. இரண்டாவதில் இவன் கை ஆடிவிட்டது. மூன்றாவதற்கு முன்னால் அவர் முகம் இறுகிப்போயிற்று. என்ன சொன்னால் சிரிப்பார் என்று பெற்ற மகனுக்குத் தெரியவில்லை. பிரவீனாவுக்குப் போன் போட்டு, அன்றைக்கு என்ன சொல்லிச் சிரிக்க வைத்தாய் என்று கேட்டான்.

"ஒன்னும் சொல்லலீங்க" என்றாள் அவள். "நானும் ஒரு முறுக்கு எடுத்துக் கடிச்சேன், அவ்வளவுதான்."

மனோஜ் கடைக்காரரிடம் ஒரு தேங்காய் பன் கேட்டு வாங்கினான். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கடி கடித்துவிட்டு, இடது கையால் எடுத்தான். பால் கேன் தெரிந்தது, எண்ணெய் டின் தெரிந்தது, யாரோ ஒருவரின் பாதிக் கால் தெரிந்தது. அனுப்பினான்.

காவலரிடமிருந்து பதில் வந்தது. "முகம் நல்லாத் தெரியுதுங்க சார்."