பக்கத்துப் பாய்

தினேக்கே பாயை விரித்துக் கால் நீட்டிப் படுத்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ரீனுஸ் உள்ளே வந்தான். தெவந்தர் நகரத்துச் சமூகக்கூடத்தில் நடக்கும் அந்தப் பிலாட்டீஸ் உடற்பயிற்சி வகுப்புக்கு ஆண்கள் வருவதே அபூர்வம். வந்தவனோ அவளுடைய முன்னாள் கணவன். தொளதொளத்த காற்சட்டையும் கால்பந்துக் காலுறையுமாக, வேறு யார் வீட்டு மணியையோ அடித்துவிட்டவன் போல வாசலிலேயே நின்றான். அவளைக் கண்டதும் தயங்கித் தயங்கி வந்து குனிந்தான்.

"நீ இங்க வருவேன்னு சத்தியமா தெரியாது. முதுகுவலின்னு டாக்டர் அனுப்பினாரு. நான் வேற நாள் பாத்துக்கறேன்."

"பாத்துக்கோ."

பிரிந்தபோது நண்பர்களெல்லாம் அவன் பக்கம் போய்விட்டார்கள். ஞாயிறு சைக்கிள் கூட்டமும் அவனோடு போனது. தூக்கமில்லாத அந்தக் குளிர்காலத்தில், இறுகிப்போன கழுத்தோடு அவளாகத் தேடிக் கண்டடைந்தது இந்தக் கூடம் ஒன்றுதான். இதையும் பங்கு போடுவதா?

ஆனால் ஆசிரியை யோலீனுக்கு எதுவும் தெரியாது. அவன் போய் வேறு நாள் கேட்டதும், "மத்த நாளெல்லாம் நிரம்பிடுச்சுங்க. அதோ, தினேக்கே பக்கத்துல இடம் இருக்கே!" என்றாள். விஷயம் தெரிந்த முன்வரிசைக்காரி ஒருத்தி இருமினாள்.

வயிற்றை உள்ளிழுத்துக் கால்களைத் தூக்கச் சொன்னதும் ரீனுஸ் முனகினான். பியானோக்களை மாடிக்கு ஏற்றி இறக்கியே பிழைத்தவன் அவன்.

"யம்மா... இதுக்குப் பியானோவே தேவலை."

"பேசாம மூச்சை விடு," என்று அதட்டினாள். சிரிப்பு வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு யோலீன் பக்கத்திலிருப்பவரோடு ஜோடி சேரச் சொன்னாள். ஒருவர் உட்கார்ந்து மூச்சிழுக்க, மற்றவர் பின்னாலிருந்து விலாவின் இருபுறமும் கைவைத்து அது விரிகிறதா என்று பார்க்க வேண்டும். தினேக்கே வேண்டாவெறுப்பாகக் கைகளை வைத்தாள். வலப்பக்கம் விரிந்தது. இடப்பக்கம் அசையவே இல்லை. சட்டைக்கு அடியில் நீளமாக ஒரு தடிப்பு விரலில் தட்டுப்பட்டது.

"இது முதுகுவலியா, ரீனுஸ்?"

"போன வருஷம் நுரையீரல்ல கொஞ்சம் வெட்டி எடுத்தாங்க. இப்போ சரியாயிடுச்சு."

"கூட யாரு இருந்தா?"

"நர்ஸுங்க இருந்தாங்க. நல்ல பொண்ணுங்க."

வலித்தால் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத மனிதன். மூடிய கதவின் முன்னால் நின்று நின்று களைத்துத்தான் அவள் அவனை விட்டுப் பிரிந்தாள். இப்போதும் கோபம்தான் வந்தது. ஆனால் கை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"நாலு தடவை போனை எடுத்தேன்," என்றான் அவன் திரும்பாமலே. "என்னன்னு ஆரம்பிக்கறதுன்னு தெரியல. பயமா இருந்துச்சு, தினேக்கே."

இத்தனை வருடங்களில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை.

"இந்தப் பக்கம் இழு," என்றாள், இடக்கையை இலேசாக அழுத்தி. "அவசரமில்ல. மெதுவா."

அவன் இழுத்தான். ஏதோ கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது.

"இப்போ மாறிக்கோங்க!" என்றாள் யோலீன்.

தினேக்கே முன்னால் வந்து உட்கார்ந்தாள். பின்னால் அவன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"வைக்கலாமா?"

"ம்."

ஆனாலும் அவன் கைகள் படவில்லை. விலாவுக்கு ஓர் இழை தள்ளியே நின்றன. அவற்றின் வெதுவெதுப்பு மட்டும் வந்தது. அவள் கண்ணை மூடி ஆழமாக, இன்னும் ஆழமாக மூச்சை இழுத்தாள், விலா விரிந்து அந்த உள்ளங்கைகளைத் தொடும் வரை.