அலமாரி நிறத்தில் ஒரு பெட்டி

"என்னக்கா இது, ஹாலா, கடையா?"

சின்ன அத்தை இதைச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வார்த்தை போகவில்லை. அவருடைய அக்காவான என் மாமியார் அதை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார். இரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது.

"ஏம்மா, உன் கருப்புப் பெட்டிய பின்ரூமுக்கு மாத்திடு. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை அவ மறுபடி வர்றா. அதுக்குள்ள."

கருப்புப் பெட்டி என்பது என் கம்ப்யூட்டர். சமையலறை அலமாரிகள் செய்து தரும் ஒரு நிறுவனத்துக்கு வரைபடம் போடுவது என் வேலை. ஹால் ஜன்னலுக்கு வலது மூலையில் என் மேஜை. அதன் வலது ஓரத்தில் சுவரை ஒட்டி அந்தப் பெட்டி நிற்கும். பழைய பெட்டி. முன்பக்கம் கீறல், பக்கவாட்டில் யாரோ ஒட்டிக் கிழித்த ஸ்டிக்கரின் பிசுக்கு. ஜன்னலுக்கு இடது மூலையில், நல்ல வெளிச்சத்தில், அத்தையின் நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் அவர் தினமும் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி விளம்பரம் வரை படிப்பார். பிடிக்காத செய்தி வந்தால் எனக்குக் கேட்கும்படி திட்டுவார். நான் கோடு போட்டுக்கொண்டே "ஆமாத்தை" என்பேன்.

பின்ரூமுக்கு ஜன்னல் கிடையாது. துணி துவைக்கும் மெஷின், இஸ்திரி போடாத துணி மலை, ஒரு கால் ஆடும் துணி ஸ்டாண்டு. அந்த ஸ்டாண்டு "இன்னைக்கு ஒரு நாள் உள்ள இருக்கட்டும்" என்று போனதாம். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால் போனது, இன்னும் திரும்பி வரவில்லை.

வந்த புதிதில் நான் இந்த ஹாலில் சோபாவின் நுனியில்தான் உட்காருவேன், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி. அந்த மேஜை வந்த பிறகுதான் காலை நீட்டி உட்கார்ந்தேன். வீட்டில் ஒருத்தியானேன். இப்போது பின்ரூமுக்குப் போனால் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கும் யாரோ ஒருத்தியாகிவிடுவேன் என்று தோன்றியது. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "சரித்தை" என்றேன்.

அந்த "சரித்தை" எந்தச் சுருதியில் வந்தது என்று இவருக்குப் புரிந்துவிட்டது. என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். சாப்பிடும் தட்டைக்கூட வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடச் சொல்வார்.

"ஏம்மா, உனக்குப் பிடிக்காதது பெட்டியா, கருப்பா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"ரெண்டும்தான்."

"கருப்பு போயிடுச்சுன்னா?"

அத்தையின் பார்வை தன் அலமாரி மேல் போனது. எங்கள் ஹாலின் ராணி அது. பால் ஆடை நிறம். மேலே கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். அதன் மேல் யாரும் எதையும் வைக்கக் கூடாது.

"அது பெத்த குட்டி மாதிரி இருக்கணும். வீட்டுல வச்சு அடிச்ச பெயின்ட்டுன்னு ஒரு இடத்துல தெரிஞ்சாலும் பின்ரூம்தான்."

"சரி. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"டேய், நான் என்னைக்குடா மாறியிருக்கேன்?"

அன்று மாலையே பெட்டியின் குடலை உருவினோம். போர்டு, மின்விசிறி, ஒயர் எல்லாவற்றையும் ஒரு பலகை மேல் பரப்பி, மேஜையில் வைத்து, அப்படியே இணைப்புக் கொடுத்தார். எனக்கு வேலை நிற்கக் கூடாதே. காலையில் பேப்பரோடு வந்த அத்தை அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, ஆபரேஷன் பண்ணிப் பாதியில விட்ட மாதிரி இருக்கு! இதுக்கு அந்தக் கருப்பே தேவலையே."

"பதினைஞ்சு நாள்தான்த்தை."

"அதுவரைக்கும் வீட்டுக்கு யாரும் வராம இருக்கணும்."

நிறம் பொருந்த வேண்டும் என்பதற்காக இவர் அலமாரியின் இழுப்பறை ஒன்றை உருவி, மார்போடு அணைத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போனார். பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தாராம், கைக்குழந்தை என்று நினைத்து. கடைக்காரர் அந்த நிறத்தைக் கலந்து ஸ்பிரே டப்பாக்களில் அடைத்துக் கொடுத்தார்.

தேய்ப்பது என் பங்கு. வழவழப்பான பரப்பில் பெயின்ட் பிடிக்காது. முதலில் அதைச் சொரசொரப்பாக்க வேண்டும். தகடுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரே திசையில் தேய்த்தேன். கருப்புத் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. கீறல்களில் பட்டி பூசி, காயவிட்டு, மறுபடி தேய்த்தேன். அதன் மேல் சாம்பல் நிற பிரைமர். அது காய்ந்ததும் இன்னும் மெல்லிய தாளில் இன்னொரு தேய்ப்பு. என் விரல் ரேகையெல்லாம் போயிருக்கும்.

அடிப்பது இவர் பங்கு. மாடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைச் சாய்த்துக் குகை மாதிரி வைத்து, உள்ளே தகட்டை நிறுத்தி, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, ஒரு சாண் தள்ளி நின்று அடிப்பார். ஓரத்துக்கு வெளியே ஆரம்பித்து மறு ஓரத்துக்கு வெளியே முடிக்க வேண்டும்; நடுவில் கை நின்றால் வழிந்துவிடும். ஒரு பூச்சு பனி மாதிரி. காய்ந்ததும் இன்னொரு பனி. பிறகு தகட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்.

"இங்க ஒரு புள்ளி இருக்கு."

"எனக்குத் தெரியலையே."

"உனக்குப் பவர் ஏத்தணும்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் நல்ல கண்ணுக்கு மேல ரெண்டு கண்ணு."

புள்ளிக்காக இன்னொரு பூச்சு. ஓரத்துக்காக இன்னொரு பூச்சு. உள்மடிப்பு, திருகாணித் துளையின் விளிம்பு, தகடு வழுக்கிக்கொண்டு போய் உட்கார வேண்டிய காடி, எதையும் விடவில்லை. "யார் குனிஞ்சு பார்த்தாலும் கருப்பு தெரியக் கூடாது" என்றார். கடைசியில் நிறமில்லாத வார்னிஷ். அது இறுகியதும் மிக மெல்லிய தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தேன். தகட்டில் என் முகம் தெரிந்தது. பொட்டு கொஞ்சம் கோணலாக இருப்பதைக்கூட அதில் பார்த்துச் சரி செய்துகொண்டேன்.

அத்தை இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஆனால் மாடியில் தகடு காயும் நாட்களில் அங்கே யாரும் துணி உதறக் கூடாது என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சண்டை போட்டது அவர்தான். "எங்க வீட்டுல வேலை நடக்குது" என்று சொன்னாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சின்ன அத்தை நாலு மணிக்கு வருவார். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஹாலில் பழைய போர்வையை விரித்துப் பெட்டியைக் கூட்டினோம். போர்டு உட்கார்ந்தது. விசிறி உட்கார்ந்தது. இவர் வலது பக்கத் தகட்டை எடுத்துக் காடியில் வைத்துத் தள்ளினார்.

பாதியில் நின்றது.

வெளியே எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி பாதி. இடது பக்கத் தகட்டை எடுத்தார். அதுவும் போகவில்லை. "கொஞ்சம் அழுத்தினா போயிடும்" என்று உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

டக்.

தகட்டின் முன் ஓரத்தில், நகத்தளவு, பெயின்ட் சில்லாகப் பெயர்ந்து போர்வையில் விழுந்தது. அந்த இடத்தில் கருப்பு எங்களைப் பார்த்தது.

அந்தச் சில்லை எடுத்துப் பார்த்தேன், நினைத்ததைவிடத் தடிமனாக இருந்தது. ஏன் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"எத்தனை பூச்சு?" என்றேன்.

"எண்ணலையே."

"காடிக்குள்ளயும் அடிச்சீங்க, தகட்டு ஓரத்துலயும் அடிச்சீங்க. அப்புறம் அது எப்படிங்க உள்ள போகும்?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

அதுதான் வலித்தது. அலமாரிக் கதவுகள் வரையும்போது நான் ஓரத்தில் எழுதும் முதல் குறிப்பே "பெயின்ட்டுக்கு இடைவெளி விடவும்" என்பதுதான். விடாத தச்சர்களிடம் போனில் எகிறியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் இடைவெளி விடச் சொன்னவள் என் வீட்டுப் பெட்டியில் கோட்டை விட்டிருந்தேன்.

அத்தை தன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னடா சத்தம்?"

இவர் உள்ளதைச் சொன்னார். சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார். "காடிய நான் சுரண்டிடுவேன்மா. மூடிடலாம். ஆனா இந்த உடைஞ்ச இடத்துல இப்ப தொட்டு வச்சா திட்டுத் திட்டாத் தெரியும். முழுத் தகட்டையும் தேய்ச்சு மறுபடி அடிக்கணும், காய ஒரு வாரம் ஆகும்." என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சேர்த்தார்: "இன்னைக்கு ஒரு நாள் பின்ரூம்ல வச்சிடுவோமா?"

இன்னைக்கு ஒரு நாள். எனக்குக் கால் ஆடும் அந்த ஸ்டாண்டு ஞாபகம் வந்தது.

"வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. "உள்ள போனா அது வெளிய வராதுங்க. நானும்தான் வர மாட்டேன். எனக்கு இங்கதான் உட்காரணும்."

சொன்ன பிறகுதான் அத்தை பக்கம் திரும்பினேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் நான் "வேண்டாம்" என்று சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உடைஞ்சது எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது பக்கம்மா. ஹாலைப் பார்க்கிற பக்கம்."

"திருப்பி வை."

"திருப்பினா பின்னாடி இருக்கிற ஒயரெல்லாம் முன்னாடி வரும்."

அத்தை எழுந்தார். வலது மூலையைப் பார்த்தார், இடது மூலையைப் பார்த்தார். "அப்ப மேஜைய இந்த மூலைக்குக் கொண்டு வா. பெட்டி இந்தச் சுவரை ஒட்டி நின்னா, உடைஞ்ச பக்கம் சுவத்தைப் பார்க்கும். நல்ல பக்கம் ஹாலைப் பார்க்கும். இல்லையா?"

நான் மனசுக்குள் வரைந்து பார்த்தேன். சரியாக வந்தது. தினமும் வரைபடம் போடுகிறவளுக்கு இது தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணமும் இருந்தது. அந்த மூலையை நான் ஒருநாளும் காலி இடமாக நினைத்ததே இல்லை.

"அங்க உங்க நாற்காலி இருக்கேத்தை."

"அதுக்கு நாலு காலு இருக்கு, நகரும். நின்னுகிட்டே இருந்தா எப்படி? சுரண்டுங்க சீக்கிரம்!"

சுரண்டினோம். தெரியும் இடத்தில் தாள் நாடா ஒட்டி மறைத்துக்கொண்டு, காடியின் உட்புறத்தை மட்டும் இவர் கத்தியால் வழித்தார். தகட்டின் மறையும் ஓரத்தை நான் தாள் போட்டுத் தேய்த்தேன். பூ மாதிரி தூள் உதிர்ந்தது. இந்த முறை தகடு சொன்ன பேச்சுக் கேட்டுப் போய் உட்கார்ந்தது. மேஜையை இடது மூலைக்குத் தள்ளினோம். அத்தை தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு போய், வெளிச்சம் குறைந்த வலது மூலையில் போட்டார். யாரையும் தொடவிடவில்லை. போர்வையை நான் மடித்து முடிப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது.

சின்ன அத்தை உள்ளே வந்து ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். பெட்டியிடம் கண் நின்றது.

"இது எப்பக்கா வாங்கின? அலமாரிக்கு ஜோடியா? உள்ள என்ன வைப்பீங்க?"

வீட்டில் அடித்தது என்று தெரியவே கூடாது என்று சொன்ன அத்தை சும்மா இருந்திருக்கலாம்.

"அது எங்க மருமகளோட ஆபீஸ்" என்றார். "கம்ப்யூட்டர்டி. இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினது. கைய வச்சுப் பாரு, எங்கயாவது தட்டுப்படுதா?"

சின்ன அத்தை தடவிப் பார்த்தார். "கடையில பண்ணின மாதிரியே இருக்கு!"

"சும்மா இல்ல. பெயின்ட்டுக்கு இடைவெளி விடணும். அதெல்லாம் தெரிஞ்சு பண்ணணும்."

நான் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பை மறைக்க. டீயோடு திரும்பி வந்தபோது சின்ன அத்தை டம்ளரை வாங்கி, பேச்சு வாக்கில், பெட்டியின் மேலே வைக்கப் போனார்.

"அய்யய்யோ, அது மேல வைக்காதடி!" என்று அத்தை போட்ட சத்தத்தில் பாதி டீ தட்டில் கொட்டியது. அலமாரிக்கு இருந்த சட்டம் அந்த நிமிஷம் முதல் பெட்டிக்கும் வந்துவிட்டது.

டீயைக் குடித்துக்கொண்டே சின்ன அத்தை கேட்டார். "ஆமா, உன் நாற்காலி ஏன் அந்த இருட்டு மூலைக்குப் போயிருக்கு? ஜன்னல் பக்கம் இல்லாம உனக்குப் பேப்பர் ஓடாதே?"

"வெளிச்சம் ரொம்ப அடிக்குது. கண்ணு கூசுது" என்றார் அத்தை, டம்ளருக்குள் பார்த்தபடி.

இவர் நிமிர்ந்தார். "கண்ணு கூசுதா? எப்பலேர்ந்துமா? சொல்லவே இல்லையே. நாளைக்குக் கடைக்கு வா, டெஸ்ட் பண்ணிடலாம்."

யாருக்கும் தெரியாமல் இவர் காலை மிதித்தேன்.

"என்ன?" என்றார் என்னிடம். தகட்டில் ஒரு புள்ளியைக்கூட விடாமல் கண்டுபிடிக்கிற மனிதருக்கு இது தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல, டீயக் குடிங்க" என்றேன். மறுநாள் காலையில் வேலையை ஆரம்பிக்கும் முன், நிற்கும் விளக்கு ஒன்றை எடுத்துப்போய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். அத்தை அதைப் போட்டுக்கொண்டு பேப்பரைப் பிரித்தார். கொஞ்ச நேரத்தில் எதிர் மூலையிலிருந்து, முன்னைவிடச் சத்தமாக, திட்டு வந்தது.

"ஆமாத்தை" என்றேன்.