கறுப்புப் பூச்சுக்கு அடியில்

எட்டாயிரம் என்றாள் சலவைக்கடைக்காரி. கடையின் பின்னறையில், அழுக்குத் துணி மூட்டைகளைத் தலையில் சுமந்துகொண்டு நின்ற பழைய வீடியோ கேம் பெட்டிக்கு அவள் சொன்ன விலை அது. கம்பவுண்டருடைய அக்காவின் இருபது வயது முகமும் அந்த விலைக்குள் அடக்கம் என்பது அவளுக்குத் தெரியாது. கம்பவுண்டருக்கும் அந்த நிமிடம் வரை தெரியாது.

கம்பவுண்டர் என்பது தெரு வைத்த பெயர். செத்துப்போன கேம் பெட்டிகளை வாங்கி, எலிப்புழுக்கையை அள்ளிக் கொட்டி, பிசுக்கேறிய பட்டன்களைக் கழற்றி ஊறவைத்துத் தேய்த்து, உள்ளே இருக்கும் போர்டைப் பழைய டூத் பிரஷ்ஷால் துலக்கி, உயிர் வந்ததும் காபிக்கடைகளுக்கும் காசு பெருத்த வீடுகளுக்கும் விற்பது அவர் பிழைப்பு. “டாக்டர்னு வெச்சிருக்கலாம்ல?” என்று ஒருமுறை குறைப்பட்டார். “டாக்டர்னா ஃபீஸ் வாங்கத் தெரியணும்டா. நீ பேரம் பேசியே பொழுத ஓட்டுற ஆளு,” என்று அக்கா வாயை அடைத்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் அப்பா ஒரு கேம் கடை வைத்திருந்தார். அக்கா கல்லாவில் உட்கார்ந்து, காசை வாங்கிக்கொண்டு பெட்டியில் போடும் வில்லையைக் கொடுப்பாள். பெட்டி மக்கர் பண்ணினால் பழுது பார்க்க வந்தவர்தான் பிற்பாடு அத்தான் ஆனார். ஒரு பெட்டியின் பக்கவாட்டுப் படம் கிழிந்து தொங்கியது. நான் வரைந்து தருகிறேன் என்று அவரே பெயின்ட் வாங்கி வந்து, பளிச்சென்ற உடுப்பில் ஒரு விண்வெளி வீராங்கனையை வரைந்தார். தலைக்கவசக் கண்ணாடிக்குள் இருந்தது அக்காவின் முகம். அந்த லேசான தெற்றுப்பல்லைக்கூட விடவில்லை. மேலே அழகாக வார்னிஷும் பூசினார். இப்படிக்கூடக் காதலைச் சொல்லலாம் என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் அப்பா பார்த்தார். போய் ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட் வாங்கி வந்தார். காய்ந்தும் காயாமலும் பெட்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

கல்யாணத்தைத் தடுக்க அந்த டப்பா போதவில்லை என்பது வேறு கதை. ஆனால் அத்தான் அதன்பிறகு தூரிகையைத் தொடவே இல்லை. போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத அக்கா, அப்போதுதான் தம்பியிடம் ஒன்று கேட்டாள்.

“அந்தப் பெட்டி எங்கயாச்சும் கண்ணுல பட்டா விட்டுடாதடா. அவரு என்னை எப்படிப் பார்த்தாருன்னு அதுல இருக்கு. அன்னிக்கு வெக்கத்துல நான் சரியாக்கூடப் பார்க்கல.”

வார்னிஷ் பூசிய படம். மேலே இருக்கும் கறுப்பைப் பதமாகத் துடைத்தால் அடியில் இருப்பது அப்படியே வரும். அதனால் அந்த வகைப் பெட்டி கறுப்பாக எங்கே கண்ணில் பட்டாலும், தின்னர் தொட்ட பஞ்சால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்ப்பது கம்பவுண்டருக்கு வழக்கமாகிவிட்டது. சலவைக்கடையிலும் அடிப்பலகையைச் சோதிப்பவர்போலக் குந்தி உட்கார்ந்து தேய்த்தார். பஞ்சில் கறுப்பு இறங்கியது. அடியில் ஒரு மினுமினுப்பு. அதற்கும் அடியில் பூசணிப்பூ மஞ்சள். எட்டி முன்பக்கம் பார்த்தார். வில்லை போடும் துளைகளில் ஒன்று ஈயம் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. அப்பா கடையில் பழுது பார்த்தபோது அத்தான் அடைத்ததேதான்.

சட்டைப்பையில் பதினைந்தாயிரம் இருந்தது. வேறு யாராவது என்றால் எண்ணி வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். கம்பவுண்டர் வியாபாரி வீட்டுப் பிள்ளை. பிடித்த சாமானைக் கண்டால் முகத்தைச் சுளிக்க வேண்டும் என்பது பாலோடு ஊட்டப்பட்ட பாடம். சுளித்தார்.

“எட்டாயிரமா? அடுப்பெரிக்கக்கூட ஆகாதும்மா இது.”

“நல்லா ஓடும்னு சொன்னாங்களே, அண்ணே.”

“ஓடும். கரப்பான் ஓடும், எலி ஓடும்.”

அவள் சிரித்துவிட்டாள். “எங்க வீட்டுக்காரர் பன்னெண்டாயிரம் குடுத்து வாங்கினாரு.”

“அவருக்கு வித்தவன் இந்நேரம் சொந்த வீடு கட்டியிருப்பான்.”

“சரி, ஆறு குடுங்க.”

“மூணு.”

“அநியாயமா கேக்குறீங்களே!”

ஆறுக்கு முடித்திருக்கலாம். எட்டுக்கே முடித்திருக்கலாம். ஆனால் பேரம் சூடு பிடித்துவிட்டால் கம்பவுண்டருக்குக் கை நிற்காது. அவளுடைய சின்னப் பிள்ளை பெட்டியின்மேல் தொற்றி ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய சீட்டை இறக்கினார்.

“புள்ளை ஏறி விளையாடுற சாமானாம்மா இது? உள்ள பிக்சர் டியூப் இருக்கு. பிளக்கைப் பிடுங்கினாலும் அதுக்குள்ள கரண்டு நிக்கும். ஒரு இடி இடிச்சா வெடிச்சிடும். நானே கையுறை போடாம கிட்டப் போகமாட்டேன்.”

பாதி நிஜம். வருடக்கணக்கில் கரண்டு காணாத டியூபில் சொட்டுக்கூட மிச்சமிருக்காது என்பது மீதிப் பாதி. அதை அவர் சொல்லவில்லை.

அவள் பிள்ளையை வெடுக்கென்று இடுப்புக்கு இழுத்துக்கொண்டாள். “நெஜமாவா அண்ணே?”

“பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது? மூவாயிரம் வாங்கிக்குங்க. அந்த ஆபத்தை நான் தூக்கிட்டுப் போயிடறேன்.”

“அவரைக் கேட்டுச் சொல்றேன்.”

“நிதானமா கேளுங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல.”

சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அது ஒரு தனி நடை. காலுக்கு அவசரமே இருக்காது, காது மட்டும் முதுகில் இருக்கும். வழக்கமாகத் தெருமுனைக்குள் திரும்பக் கூப்பிடும் குரல் வந்துவிடும். அன்று வரவில்லை. திரும்பிப் போனால் மறுபடி எட்டில் நிற்பாள், ராத்திரி ஊறட்டும், காலையில் மூன்றுக்குக் கனிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். பட்டறைக்குப் போய் நடுவில் இடம் ஒதுக்கினார். புதுப் பஞ்சு, புதுத் தின்னர் எல்லாம் வாங்கி வைத்தார். முகம் வரைக்கும் துடைத்து வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிடலாம் என்று அவளிடம் மூச்சு விடவில்லை.

காலையில் அவரைக் கண்டதும் சலவைக்கடைக்காரிக்கு முகமெல்லாம் பல்.

“வாங்கண்ணே! உங்களைத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன். நீங்க மட்டும் சொல்லலேன்னா என் புள்ளை கதி என்ன?”

பின்னறையில், பெட்டி நின்ற இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது.

“பெட்டி?”

“நேத்து சாயங்காலமே பழைய சாமான்காரரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லிட்டோம்.”

“எவ்வளவுக்கு?”

“அவரு எங்க குடுத்தாரு! வெடிக்கிற சாமான்னு மறைக்காம சொன்னோம். அப்போ ஐந்நூறு குடுத்தாத்தான் தொடுவேன்னாரு. குடுத்தோம்.”

“என்கிட்ட குடுத்திருக்கலாமேம்மா.”

“எப்படிண்ணே? நல்ல மனுஷன், உள்ளதைச் சொன்னீங்க. உங்க தலையில கட்ட மனசு வரல. உங்களுக்கும் குடும்பம் இருக்கும்ல?” அவர் சட்டையைப் பார்த்தாள். “என்ன இப்படிக் கசங்கியிருக்கு? கழட்டிக் குடுங்க, தேய்ச்சுத் தரேன். உங்ககிட்ட காசு வாங்கமாட்டேன்.”

கசங்கிய சட்டையோடு ஓடினார். பழைய சாமான்காரர் ஜாக்கிரதையான ஆள். டியூபை வெட்டவெளியில் வைத்துத் தூரத்திலிருந்து கல்லெறிந்து உடைத்திருந்தார். செம்பைத் தனியாகப் பிரித்திருந்தார்.

“பலகையா? அது விடியக்காலையிலயே செங்கல் சூளைக்குப் போயிடுச்சு. நல்லா காஞ்ச பலகை.”

“பக்கவாட்டுல ஏதாவது படம்...”

“படமா? எல்லாம் கறுப்பாத்தான் இருந்துச்சு.”

சூளைக்கும் போய்ப் பார்த்தார். புகைதான் போய்க்கொண்டிருந்தது.

அக்கா தன் வீட்டுச் சமையலறையில், தம்பி கழற்றிக் கொடுத்த கேம் பெட்டிப் பட்டன்களைச் சோப்புத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவள் கையை நிறுத்தவில்லை.

“நீ பார்த்தியா?”

“அடி மூலை மட்டும். மஞ்சளா இருந்துச்சு.”

“மஞ்சளா? நான் இத்தனை நாளா ஆரஞ்சுன்னே நெனச்சுட்டு இருந்தேன்.” இன்னொரு பட்டனை எடுத்தாள். “முகம்?”

“முகம் மேல இருந்துச்சு. அங்க துடைக்கல.”

“ஏன்டா?”

“துடைச்சா அந்தப் பொண்ணு படத்தைப் பார்த்துட்டு விலைய ஏத்திடுமேன்னு...”

இப்போது கை நின்றது. தண்ணீரில் நுரை ஒவ்வொன்றாக உடைந்து அடங்கியது. திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

“அவ எவ்வளவு சொன்னா?”

“எட்டு.”

“உன் கையை விட்டு எவ்வளவு போச்சு?”

“ஒண்ணும் போகலக்கா.”

“அப்போ எட்டாயிரம் மிச்சம்.”

“அக்கா, வேணாம்...”

“கணக்குன்னா கணக்குதான்டா. அதுல அந்தப் பொண்ணுக்கு உன்னால ஐந்நூறு நட்டம். கொண்டுபோய்க் குடுத்துடு. டியூபைப் பத்தின மீதிப் பாதியையும் சொல்லிட்டு வா, சும்மா பயந்துக்கிட்டு இருக்கப்போறா. ஐந்நூறு போனா?”

“ஏழாயிரத்து ஐந்நூறு.”

“அதை நீயே வெச்சுக்கோ,” என்றாள் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டு. “எனக்கு வர வேண்டியது அந்த முகம். அது அப்படியே பாக்கி நிக்குது. அதுல இதைக் கழிச்சுக்க முடியாது.”