பாதிச் சவரத்தில் நின்ற தரிசனம்

இடது கன்னத்தை முடித்து, கத்தியைக் கிண்ணத்து நீரில் அலசிவிட்டு வலது பக்கம் வந்தபோது பாஸ்டர் கையை உயர்த்தி மனைவியை நிறுத்தினார். கனவு சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மாதமாகப் படுக்கையில் கிடக்கிற மனிதருக்குத் தினமும் சவரம் எதற்கு என்று ஊசி போட வரும் நர்ஸ் கேட்டிருந்தாள். முகத்தில் நுரை இருந்தால்தான் இவருக்கு வாய் திறக்கும் என்பதை அந்தப் பெண்ணுக்கு எப்படிப் புரியவைப்பது?

கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். அப்போதெல்லாம் அவரே மழித்துக்கொள்வார். அவள் கதவில் சாய்ந்து நின்று கேட்பாள். எந்தக் கனவு மேலேயிருந்து வந்தது, எது முந்தின இரவு ஜீரணமாகாமல் வந்தது என்று பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. தேறியதை அவர் ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்வார். சபைச் செயலாளர் அதை வருகைக் கணக்குக்குக் கீழே 'தரிசனம்' என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொள்வார். எழுதியதைச் சபை செய்தே தீரும். ஒரு கனவினால் கதவுக்கு நீலச் சாயம் அடித்தார்கள். இன்னொன்றினால் மேடையை இடித்துத் தரையோடு தரையாக்கினார்கள். மேடை போன கோபத்தில் பாடகர் குழுவில் நாலு பேர் போனார்கள். அதுவும் முன்கூட்டியே கனவில் வந்திருந்தால் தேவலை.

"நம்ம சபை ஹாலைப் பாத்தேன்," என்றார். குரல் எங்கோ அடுத்த அறையிலிருந்து வருவதுபோல இருந்தது. "வரப்போற காலம். எத்தனை வருஷம் தள்ளின்னு தெரியல. ஜன்னலெல்லாம் தொறந்திருக்கு. உக்கார எடமில்ல, அவ்வளவு ஜனம்."

"இருக்கறது முப்பத்தொரு பேரு. கனவுல கூட உங்களுக்கு ஆசை அடங்கல."

"கேளேன். அதுல நம்ம ஆளு ஒருத்தர் கூட இல்ல."

கத்தி நின்றது. "நம்ம ஆளுங்க எங்க போனாங்க?"

"அதைத்தான் சொல்ல வரேன்."

"இருங்க, உதட்டுக்கு மேல முடிச்சிடறேன். ஆடாதீங்க."

மேலுதட்டில் கத்தி இருக்கும்போது பேசக்கூடாது என்பது அவர்களுக்குள் சட்டம். ஒருமுறை பேசி வெட்டிக்கொண்டு, உதட்டில் பஞ்சோடு பிரசங்கம் செய்திருக்கிறார். இரண்டு இழுப்பு. துண்டால் ஒற்றிவிட்டு, "ம், சொல்லுங்க," என்றாள்.

அவர் இமைக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்மாடியில் யாரோ போர்வையை உதற, தூசி வெயிலில் மெதுவாக மிதந்து இறங்கியது. "சொல்லுங்களேன்," என்றாள். தூசி அத்தனையும் இறங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

பிறகு வலது கன்னத்தில் பாக்கியிருந்ததை மழித்து முடித்தாள். தோலை இழுத்துப் பிடித்து, வழக்கம்போல, காயம் படாமல். அதற்கப்புறம்தான் நர்ஸுக்குப் போன் செய்தாள்.

பத்து மணிக்குள் செயலாளர் வந்துவிட்டார். கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்ப்பவர். தானே எப்போதும் தாமதமாக வருகிற மனிதர். அன்று ஓடி வந்திருந்தார். பாஸ்டரின் காலடியில் வெகுநேரம் நின்றார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"பாஸ்டரம்மா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது..."

"கேளுங்க."

"ஏதாவது பாத்தாரா?"

அவர் கேட்பது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். மெயின் ரோட்டுப் பெரிய சபையிலிருந்து கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. முப்பத்தொரு பேருக்கு இவ்வளவு பெரிய ஹால் எதற்கு, மூடிவிட்டு எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்று அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் பாஸ்டர். பார்த்துவிட்டு என்றால் கனவில் பார்த்துவிட்டு. சபை முழுக்க அவர் தூங்குவதற்காகக் காத்திருந்தது.

இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம் ஆட்கள் பெரிய சபையில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்கள் என்றால் திங்கட்கிழமை பூட்டுப் போட்டுவிடுவார்கள். கடைசிவரை இங்கேயே இருந்து பரலோகம் போனார்கள் என்றால் சாகும்வரை அசைய மாட்டார்கள். மூடக்கூடாது என்றுதான் அவளுக்கு இருந்தது. மூடினால் அவருடைய இருபத்தெட்டு வருஷமும் ஒன்றுமில்லாமல் போகும். பொய் நுனிநாக்கு வரை வந்தது. ஆனால் அவர் கனவுகளை அவள் பிரித்திருக்கிறாளே ஒழிய, ஒன்றைக்கூட உண்டாக்கியதில்லை.

இருந்ததை இருந்தபடியே சொன்னாள். கடிகாரக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு, "மீதி?" என்றார்.

"மீதியைச் சொல்ல வந்தாரு. வாயை அடைச்சது நான்தான். உதட்டுக்கு மேல முடிச்சிடறேன்னு..." என்றவள் அப்போதுதான் அழுதாள். விட்டு விட்டு, வெட்கமில்லாமல், மூக்கைத் துண்டில் சிந்தி அழுதாள்.

அந்தப் பாதித் தரிசனம் இரண்டு நாள் சபையைப் பாடாய்ப் படுத்தியது. "நாமெல்லாம் செத்துப் போயிருப்போம், வேறென்ன?" என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார். பேக்கரிக்காரர், "பெரிய சபைக்குப் போயிருப்போம். அங்க ஃபேன் நல்லாயிருக்கு," என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அடக்க ஆராதனை. நாற்பது நாற்காலி தாராளம் என்று போட்டிருந்தார்கள். அவள் முன் வரிசையில், பெட்டிக்கு நேரே உட்கார்ந்தாள். எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. பின்னால் செருப்புச் சத்தமும் கிசுகிசுப்பும் கூடிக்கொண்டே போயின. எல்லா ஜன்னலையும் யாரோ திறந்துவிட்டார்கள்.

பாட்டுக்கு எழுந்தபோதுதான் கவனித்தாள். பின்னால் இருந்தவர்களுக்கு எப்போது எழுவது என்று தெரியவில்லை. அவளைப் பார்த்துப் பார்த்து எழுந்தார்கள். திரும்பினாள். பஸ் டிரைவர்கள் சீருடையோடு நின்றார்கள். ஆஸ்பத்திரி ஆயாக்கள், கையில் கட்டுப் போட்ட ஒருவர், சலவை நிலையத்துப் பெண்கள். படுக்கையில் விழும்வரை தினமும் மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு பாஸ்டர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்த மனிதர்கள். சபையைக் கவனிக்காமல் ஊர் சுற்றுகிறார் என்று சபைக்கு அதில் தீராத குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஒருத்தரும் வந்ததில்லையே என்று அவளும் அவரைக் குத்திக் காட்டியிருக்கிறாள்.

தெரிந்த முகத்தைத் தேடினாள். சுவர் வரைக்கும் தேடினாள். ஒன்றுமில்லை.

நம் ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்தார்கள். நாற்காலிகளை விட்டுக்கொடுத்து ஒவ்வொருவராக வெளியேறியிருந்தார்கள். பேக்கரிக்காரர் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். வாத்தியார், சக்கர நாற்காலியில் வந்த யாருக்கோ குடை பிடித்து நின்றார். பாடகர் குழு வெயிலில் நின்றே பாடியது. வேர்த்து வழிந்தாலும் என்றைக்குமில்லாமல் சுருதி சேர்ந்திருந்தது.

கடிகாரக்காரர் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நாற்காலிகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவற்றை நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அவளருகே வந்து ஹாலை ஒருமுறை பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி ஹாலைப் பார்த்தார்.

"அம்மா," என்றார் மெதுவாக. "அந்த லெட்டருக்கு..."

"பதில் எழுதிடுங்க."

"என்னன்னு?"

"இங்க எடம் பத்தலைன்னு எழுதுங்க."

அவர் தலையாட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இன்னும் நாற்காலி தேடிப் போனார்.

பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவளுக்கு வலப்பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பை இருந்தது. பாட்டு நேரத்தில் பாஸ்டர் வந்து உட்கார்வதற்காக, ஞாயிறுதோறும் கை தானாகவே அதை அங்கே வைத்துவிடும். சலவை நிலையத்துச் சீருடையில் ஒரு பெண் ஓரமாக வந்து நின்றாள்.

"இங்க யாராவது வராங்களாம்மா?"

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றாள். "உக்காருங்க."