மிதித்துக்கொண்டே இருப்பவன்

என் மச்சான் எனக்குத் தர வேண்டியது இருபத்தேழாயிரத்து நானூறு. அவன் பெண்டாட்டியின் ஆபரேஷனுக்கு வாங்கியது. நான் கேட்டதும் இல்லை, அவன் மறந்ததும் இல்லை. அந்தக் கடன் அப்படியே இருக்க, தொழிலுக்கு இரண்டாவது வண்டி வாங்கலாம் என்று ஆரம்பித்தான்.

எங்களுடையது தண்ணீர்த்தொட்டி கழுவும் தொழில். பம்பு, வேனின் இன்ஜினிலேயே ஓடும். நான் தொட்டிக்குள் இறங்கிச் சேறு வழிப்பேன். முடியும்வரை மச்சான் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். காலை எடுத்தால் பம்பு நின்றுவிடும். வேலை முடியும்வரை வண்டியும் அந்த வீட்டை விட்டு நகராது. வேறு யாராவது கூப்பிட்டால், வீட்டில் போன் எடுக்கும் என் மனைவி, "இன்னிக்கு முடியாதுங்க" என்பாள்.

"எவ்வளவு வேலை கைவிட்டுப் போகுது பாருங்க அத்தான்" என்று மச்சான் நச்சரித்தான். சரி, பார்த்துவிடலாம் என்று, முடியாது என்று சொல்லும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு குழாய் வாஷரைக் கம்பியில் கோக்கச் சொன்னேன். மாதம் முடிவதற்குள் கம்பி நிறைந்தால் வண்டி.

மாதம் முடியும் முன்பே நிறைந்துவிட்டது. மச்சான் அந்தக் கம்பியை வளைத்து மாலையாகப் போட்டுக்கொண்டான். பழைய வேன் ஒன்றையும் பார்த்து வைத்தான். மறுநாள் முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

அன்று சாயங்காலம் மனைவி போனை வைத்துவிட்டு அலுத்துக்கொண்டாள். "இந்தப் பல் டாக்டரம்மா என் உயிரை வாங்குறாங்க. இன்னிக்கு மட்டும் நாலு தடவை. எப்ப வருவீங்க, எப்ப வருவீங்கன்னு."

எனக்குச் சுருக்கென்றது. "நாலுக்கும் வாஷர் கோத்தியா?"

"போனுக்கு ஒண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க. வீட்டுக்கு ஒண்ணுன்னா சொன்னீங்க?"

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, அவளுக்கு நினைவிருந்த வரை வாஷர்களைப் பிரித்தோம். டாக்டரம்மாவுக்கே ஒரு கைப்பிடி போயிற்று. ஒரு வீட்டுக்கு ஒன்று என்று மிஞ்சியதை வைத்துப் பார்த்தால், இன்னொரு வண்டிக்கு டீசல் போடக்கூடக் காணாது.

மச்சான் வெளியே போய் வேனில் உட்கார்ந்தான். பின்னாலேயே போனேன்.

"வண்டிதானடா போச்சு. மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?"

"உங்களுக்கென்ன அத்தான். சேறும் சகதியுமா வீட்டுக்குப் போறீங்க. நான் போட்ட சட்டை கசங்காமப் போறேன். என்ன வேலை பாத்தீங்கன்னு என் பொண்டாட்டி கேட்டா, மிதிச்சேன்னு சொல்றேன். சிரிக்கிறா. தனியா ஒரு வண்டி இருந்தா நானும் ஒரு வேலைக்காரன்னு ஆகும். இப்படி மிதிச்சே உங்க கடனை எப்ப அடைக்கிறது?"

எனக்கும் ஒன்று சொல்லாமல் கிடந்தது. ஏணியில் இறங்க முட்டி இரண்டும் மறுத்து வருஷமாகிறது. சொன்னேன்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? நான் இறங்க மாட்டேனா? ஆனா அப்ப யாரு மிதிக்கிறது?"

"யாரும் வேண்டாம். தனி இன்ஜின் வச்ச பம்பு ஒண்ணு வாங்கு. பெரிய தொட்டி வீட்ல உன்னையும் பம்பையும் இறக்கி விட்டுட்டு நான் வேனை எடுத்துட்டுப் போறேன். மாடி மேல இருக்கிற சின்னத் தொட்டிக்கு வாளியும் பிரஷ்ஷும் போதும், உள்ள இறங்கவும் வேண்டாம். வேலை முடிஞ்சு, அடுத்த வீட்டுக்குப் போக வேன் எப்ப வரும்னு உன் பம்பு தினம் காத்துக் கிடக்கட்டும். அன்னிக்கு வாங்கலாம் ரெண்டாவது வண்டி."

"பம்புக்குக் காசு?"

"முன்பணத்துக்குன்னு வச்சிருக்கியே."

தலையைக் குனிந்துகொண்டான். "அது உங்க கடனுக்குச் சேத்தது அத்தான்."

"அப்ப அதுலயே வாங்கு. பம்பு உன்னோடது. கடன் அதோட சரி."

வாசலில் மனைவி நின்றிருந்தாள். "தம்பிக்குத் தூக்கிக் குடுத்துட்டேன்னு என்னைத்தான் எல்லாரும் பேசுவாங்க" என்றாள். "பேசட்டும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

மச்சான் சட்டைப்பையில் கைவிட்டு நோட்டுகளை எண்ணினான். "கடன்ல இந்த நானூறையாவது பிடிங்க. இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது."

வாங்கிக்கொண்டேன்.